எட்டுக்கால் கனெக்டர்

ஓசூர், மத்திகிரி சாலை
11 ஆகஸ்ட் 2024

அன்பு கொஞ்சமும் இல்லாத மருமகள் ஃபெபாவுக்கு,

இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகும் கதையை ஓசூரில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள், சூளகிரியில் அரை ஆள்கூட நம்பமாட்டார், நீ நம்பவே மாட்டாய். மாதா கோயில் மணியின் மேல் சத்தியம் செய்துவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

என் நம்பரை உன் போனில் பூட்டிவிட்டாய். நல்லது. பேரரசர்கள் போனில் பேசியதாகச் சரித்திரத்தில் எங்கும் இல்லை. ஆகவே கடிதம். ஞாயிற்றுக்கிழமை உன் ஹாஸ்டலுக்குப் போகும் டிபன் பையில், ஊறுகாய் பாட்டிலுக்கு அடியில் இதைச் செருகிவிடுவதாக உன் அம்மா ஒப்புக்கொண்டிருக்கிறாள். அண்ணன் என்ற மரியாதையில் அல்ல. பிரித்துப் படிக்கலாம் என்ற ஆசையில். அதனால் உனக்குத் தெரிந்ததையெல்லாம் என் தங்கை லூர்துவுக்காக நான் விளக்கிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

கதைக்கு வருகிறேன். "இனிமே வரல மாமா" என்று நீ ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனாயே, அன்று சாயங்காலம் சானமாவுக் காட்டிலிருந்து ஒரு யானை கிளம்பியது. வயது நானூறு. நெடுஞ்சாலையில் டோல் கட்டி, ரசீது வாங்கி, நேராக நம் கடைக்கு வந்தது. உன்கூட வேலை பார்த்த பொற்கொடி மயங்கி விழுந்தாள். மூர்த்தி மட்டும் நிதானம் தவறாமல் யானையிடம் ஜி.எஸ்.டி. நம்பர் கேட்டான். நீ பாதி வரைந்து விட்டுப்போன சர்க்யூட் போர்டு திரையில் திறந்தபடி கிடந்தது. இன்னும் செம்புக் கோடு இழுக்காத இணைப்புகளை மெல்லிய மஞ்சள் இழைகளாகக் குறுக்கும் நெடுக்குமாகக் காட்டுமே சாஃப்ட்வேர் (லூர்து, அதற்கு ராட்ஸ்நெஸ்ட் என்று பேர்), அதை வைக்கோல் என்று நினைத்து யானை துதிக்கையால் திரையைத் தடவியது. ஒன்றும் வாயில் வரவில்லை. கோபத்தில் உன் நாற்காலியில் உட்கார்ந்தது. நாற்காலியின் ஒரு கால் முறிந்தது. இன்றுவரை அதில் யாரும் உட்காரவில்லை.

போகும்போது யானை என் காதோரம் குனிந்து, "ராயரே, உங்க லைப்ரரிய ஒரு பொண்ணு பென் டிரைவ்ல அள்ளிக்கினு போச்சே, அதுல ஒருத்தன் முதுகக் காட்டிக்கினு நிக்கறான். அதுக்குத் தெரியுமா?" என்றது.

லூர்து, கேள். போர்டில் ஒவ்வொரு பாகமும் எத்தனை கால் ஊன்றி, எந்தக் காலை எங்கே வைத்து நிற்க வேண்டும் என்பதற்கு ஓர் அச்சு உண்டு. ஃபுட்பிரிண்ட். அப்படி ஆயிரக்கணக்கான அச்சுகள் சேர்ந்தது லைப்ரரி. உன் மகள் என் கடையிலிருந்து எடுத்துப் போனது அதைத்தான். எடுத்துப் போகட்டும். அவள் அப்பன் போன பிறகு என் சோறு, என் கூரை, என் கம்ப்யூட்டர் என்று வளர்ந்தவள், லைப்ரரியை மட்டும் எதற்கு விட்டுவைப்பாள்?

கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கோல் பரப்புவதற்கு முன் நீ என் கடை வாசலில் வந்து நிற்பாய் என்று உன் அம்மாவிடம் பந்தயம் கட்டியிருக்கிறேன். தோற்றவர்தான் குடில் கட்ட வேண்டும். எனக்கு முதுகு வலி. அதனால் தோற்பதாக இல்லை.

ஈரடுக்கு, நாலடுக்கு, எட்டடுக்குப் போர்டுகளின் ஏக சக்கரவர்த்தி,
சிங்கராயர்

---

சூளகிரி
18 ஆகஸ்ட்

மாமா,

(அம்மா, படித்துவிட்டு ஒழுங்காக ஒட்டி அனுப்பு.)

யானையை இனி அனுப்ப வேண்டாம். லைப்ரரியில் இருக்கும் அச்சுகளில் முக்கால்வாசி நான் வரைந்தவை. நான் வரைந்ததை நான் எடுத்து வந்ததற்குத் திருட்டு என்று பேர் வைக்க உங்களால்தான் முடியும்.

ஏன் போனேன் என்று ஊரெல்லாம் கேட்கிறீர்களாம். உங்களுக்குத் தெரியாதது மாதிரி. பம்ப் செட் கன்ட்ரோலர் செய்கிற கமலக்கண்ணன் சார் ஏப்ரலில் கடைக்கு வந்தார். நாலடுக்குப் போர்டைக் கையில் வைத்துக்கொண்டு, இதை வரைந்தது யார் என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன். நீங்கள், "அதுவா சார், எங்க தங்கச்சி பொண்ணு, டீ நல்லாப் போடும்" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். மூர்த்தி அண்ணனும் சிரித்தார். நான் போய் டீ போட்டேன்.

ஆறு வருஷம். போர்டின் மேல் வெள்ளை எழுத்தில் அச்சாகுமே சில்க் ஸ்கிரீன், அதில் ஒவ்வொரு போர்டிலும் "வடிவமைப்பு: சிங்கராயர்" என்று நானே தட்டச்சு செய்தேன். உங்கள் பேரின் எழுத்து அளவு, இடம், கோணம் எல்லாம் என் கைக்கு மனப்பாடம். மவுஸைப் பிடித்து ஒரு கோடு இழுத்து நீங்கள் எத்தனை வருஷம் ஆகிறது?

இங்கே புதுக் கம்பெனியில் எனக்கு ஸ்கூட்டர் சார்ஜர் போர்டு கொடுத்திருக்கிறார்கள். முதல் லாட் போர்டுகள் ஒழுங்காக வேலை செய்தால் வேலை நிரந்தரம். புகைந்தால் வீட்டுக்கு. அப்படி வந்தாலும் உங்கள் கடைக்கு வரமாட்டேன் என்றுதான் எழுத நினைத்தேன். ஆனால் ஓசூரில் ஆறு வருஷமும் உங்கள் பேரில் வேலை செய்தவளுக்கு வேறு யார் வேலை தருவார்கள் என்று தெரியவில்லை. இதை மறைக்காமல் எழுதுகிறேன். படித்து சந்தோஷப்படுங்கள்.

ஒன்று மட்டும். வருவதற்கு முன் உங்கள் கம்ப்யூட்டரில் இருந்த லைப்ரரியில் தப்பாக இருந்த ஒன்றைத் திருத்தி வைத்துவிட்டுத்தான் வந்தேன். சொல்லிவிட்டேன். இனி உங்கள் பாடு.

ஃபெபா

---

ஓசூர்
8 செப்டம்பர்

திருத்தம் செய்த திருமகளுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் எழுந்து நின்று சத்தமாகப் படித்தேன். "தப்பாக இருந்த ஒன்றைத் திருத்தி வைத்தேன்" என்ற இடம் வந்ததும் மூர்த்தி சிரித்த சிரிப்பில் மேல்தளத்து வாடகைக்காரர் கதவைத் தட்டிவிட்டார். என்னத்தைத் திருத்தினாய் தாயே? எழுத்துப் பிழையா? கட்டத்தின் கலரா? சிங்கராயர் லைப்ரரியில் தப்பா? மோசே மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்த கல்பலகையில் திருத்தம் போட்ட முதல் பெண் நீதான்.

இங்கே உன் இடத்தில் இப்போது பொற்கொடி டிராக் இழுக்கிறாள் (லூர்து, செம்புக் கோட்டுக்கு அப்படிப் பேர்). உன்னைவிட மெதுவு, உன்னைவிட அழுமூஞ்சி, ஆனால் வாய் கிடையாது. பாகங்களை உட்கார வைப்பது எப்போதும்போல மூர்த்தி. வேலை எப்படி வந்து கொட்டுகிறது தெரியுமா? கமலக்கண்ணன் கல்லாவிப் பக்கத்து விவசாயிகளுக்கென்று பம்ப் கன்ட்ரோலர் ஆர்டர் தந்திருக்கிறார். இவ்வளவு பெரிய ஆர்டரைச் சோழர்கள்கூடப் பார்த்ததில்லை. போர்டுகளை அடுக்கினால் கிருஷ்ணகிரி அணையின் மதகை மறைக்கும்.

உன் சார்ஜர் போர்டிலும், நாம் பம்ப் போர்டில் வைக்கும் அந்த எட்டுக்கால் கனெக்டர் வருகிறது என்று லூர்து சொன்னாள். (அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே, நீ சாப்பிடும்போது பேசுவாய், அவள் சாப்பிடாமல் கேட்பாள்.) மின்சாரம் உள்ளே வரும் வாசலே அதுதான். சின்னப் பொருள். எட்டுக் கால். பார்க்க அப்பாவி. அதை நம் லைப்ரரியிலிருந்துதானே எடுத்தாய்? நன்று. நன்று.

டி.ஆர்.சி. ஓட்டினாயா? லூர்து, அது சாஃப்ட்வேரின் காவல்காரன். கோட்டுக்கும் கோட்டுக்கும் இடைவெளி இருக்கிறதா, துளை பெரிதா, எதுவும் எதையும் தொடுகிறதா என்று பார்த்து, பிழை இத்தனை என்று சொல்வான். பூசையில் எல்லோரும் தள்ளித் தள்ளி நிற்கிறார்களா என்று பார்ப்பான். யார் பீடத்தைப் பார்க்கிறார்கள், யார் வாசலைப் பார்க்கிறார்கள் என்று கேட்கமாட்டான். இந்த உவமையை மனதில் வைத்துக்கொள் மருமகளே. பின்னால் சுவைக்கும்.

போர்டு அச்சடிக்கிறவனுக்குக் கெர்பர் ஃபைலை எப்போது அனுப்புகிறாய்?

சக்கரவர்த்தி

---

சூளகிரி
29 செப்டம்பர்

மாமா,

டி.ஆர்.சி. பிழை பூஜ்யம். கெர்பர் ஃபைல்கள் வெள்ளிக்கிழமை போர்டு அச்சடிக்கிற கம்பெனிக்குப் போய்விட்டன. இனி ஒரு கோட்டையும் நகர்த்த முடியாது.

அனுப்புகிற பொத்தானை அழுத்தும்போது மேனேஜர் ஆனந்த் பின்னால் நின்றிருந்தார். "ஓசூர் பட்டறைல கத்துக்கிட்டது, பார்க்கலாம்" என்றார். பட்டறை என்று சொன்னதும் எனக்குக் கோபம் வந்தது. ஏன் வந்தது என்று தெரியவில்லை. உங்களுக்காக அல்ல.

போர்டு வர மூன்று வாரம் ஆகும். அதுவரை சாப்பாடு இறங்காது. அம்மா அனுப்பும் பொடிமாஸை அறைத்தோழி சாப்பிடுகிறாள். இதையும் மறைக்கவில்லை.

கமலக்கண்ணன் சார் ஆர்டர் வந்தது பற்றிக் கேள்விப்பட்டேன். மூர்த்தி அண்ணன் நன்றாக இருக்கிறாரா? இன்னமும் அந்த எட்டுக்கால் கனெக்டரை மட்டும் எல்லோரையும் டீ குடிக்க அனுப்பிவிட்டுத்தான் உட்கார வைக்கிறாரா?

ஃபெபா

---

ஓசூர்
21 அக்டோபர்

வருக, வருக, திரும்பி வருக என்று வரவேற்கப்படும் மருமகளுக்கு,

இன்றோ நாளையோ உன் போர்டுகள் வந்து இறங்கும். அதற்கு முன் இந்தக் கடிதம் உன் கையில் இருக்க வேண்டும் என்பதற்காக லூர்துவை வார நாளிலேயே பஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். உட்கார்ந்து படி. நாற்காலி நல்லதாக இருக்கட்டும்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், அந்தக் கனெக்டரின் அச்சை நானே என் கையால் வரைந்தேன். தயாரித்தவன் கொடுத்த தாளில் அதைக் கீழிருந்து பார்த்தபடி படம் போட்டிருந்தான். நான் மேலிருந்து பார்த்ததாக நினைத்து அப்படியே வரைந்துவிட்டேன். கண்ணாடியில் தெரிகிற மாதிரி, வலது இடதாகிவிட்டது. பிளஸ் வர வேண்டிய காலில் மைனஸ். முதல் போர்டு என் மேஜையிலேயே புகைந்தது. திருத்தப் போன கையை நிறுத்தினேன். ஏன்? சக்கரவர்த்தி என்றால் சும்மாவா? கோட்டை வாசலில் முதலை வளர்ப்பவன் அல்லவா?

அந்த அச்சை அப்படியே லைப்ரரியில் விட்டேன். நம் கடையில் மட்டும் மூர்த்தி அதைப் போர்டில் வைக்கும்போது ஒரு தடவை திருப்பிப் போடுவான். தப்பு, திருப்பினால் சரி. வெளியாள் எவனாவது லைப்ரரியைத் தூக்கிக்கொண்டு போனால்? திருப்பத் தெரியாது. கிருஷ்ணகிரி நாராயணப்பன் ஒரு தடவை தூக்கினான். அவன் போட்ட போர்டெல்லாம் பொங்கல் புகை விட்டது. இப்போது அவன் காவேரிப்பட்டணத்தில் மாம்பழக் கூழ் வியாபாரம் செய்கிறான், நன்றாக இருக்கிறான்.

மூர்த்தி திருப்புவது உனக்குத் தெரியக்கூடாது என்றுதான் டீ குடிக்க அனுப்பினோம். ஆறு வருஷம் டீ குடித்தாய். யானை என்னிடம் சொன்ன "முதுகைக் காட்டி நிற்கிறவன்" அந்தக் கனெக்டர்தான். முதல் கடிதத்திலேயே சொல்லிவிட்டேன், எச்சரிக்கவில்லை என்று என்மேல் பழி போட முடியாது. நம்பாதது உன் குற்றம்.

நீ திரும்பி வரும்போது நிபந்தனைகள் உண்டு. நாற்காலி கிடையாது, ஸ்டூல். டிராக் கிடையாது, சில்க் ஸ்கிரீனில் என் பேர் நேராக இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. முதல் நாள் கமலக்கண்ணனைக் கூப்பிடுவேன். அவர் முன்னால் டீ போட்டுக் கொடுப்பாய்.

இங்கேயும் கொஞ்சம் புகைச்சல். கல்லாவியில் இரண்டு பம்ப் கன்ட்ரோலர் எரிந்து கமலக்கண்ணன் திருப்பி அனுப்பினார். ஒரு கன்னடக்கார டிரைவர் கொண்டுவந்து மேஜையில் போட்டு, இது என்ன சாமி என்று அவன் பாஷையில், "ஏனு ஸ்வாமி இது" என்று கேட்டான். பொற்கொடி இழுத்த டிராக்தான் காரணம், வேறென்ன. எரிந்த போர்டை அவள் கழுத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டு, டிரைவர், டீக்கடைக்காரன், மேல்தளத்து வாடகைக்காரர் எல்லோர் முன்னாலும் நிற்க வைத்தேன். பிறகு வேலையை விட்டே அனுப்பிவிட்டேன். "சார், டிராக் சரியாத்தான் சார் இருக்குது, இன்னொருவாட்டி பாருங்க சார்" என்றாள். எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

உன் வரவுக்காகக் காத்திருக்கும்,
சக்கரவர்த்தி

---

சூளகிரி
22 அக்டோபர்

மாமா,

அம்மா பஸ்ஸை விட்டு இறங்கியதும் அழுதாள். உங்கள் கடிதத்தை வழியிலேயே படித்துவிட்டாள். நான் அவளுக்கு பப்ஸ் வாங்கிக்கொடுத்து உட்கார வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

போன வருஷமே கண்டுபிடித்துவிட்டேன். டீக்கடையிலிருந்து ஒரு நாள் சில்லறை எடுக்கத் திரும்பி வந்தேன். மூர்த்தி அண்ணன் அந்தக் கனெக்டரைத் திருப்புவதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். அன்றைக்கே தயாரிப்பாளர் தாளை எடுத்துப் பார்த்தேன். படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் "கீழிருந்து பார்க்கும்போது" என்று போட்டிருக்கிறது. எட்டு வருஷமாக.

கடைசி நாள் அந்த அச்சை உங்கள் கம்ப்யூட்டரில் சரியாக்கினேன். சரியாக்கியதைத்தான் நகல் எடுத்துக்கொண்டு வந்தேன். என் போர்டு நேற்று வந்தது. ஓட்டிப் பார்த்தார்கள். சார்ஜ் ஏறுகிறது. ஆனந்த் சார் அடுத்த போர்டின் ஃபைலை என் மேஜையில் வைத்தார், அதுதான் அவர் பாராட்டு.

உங்கள் கடையில் இப்போது அச்சு சரியாக இருக்கிறது. மூர்த்தி அண்ணன் பழக்கத்தில் இன்னும் திருப்புகிறார். சரியானதைத் திருப்பினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அம்மாவுக்கு விளக்கினேன். அவளுக்கே புரிந்தது.

நல்ல எண்ணத்தில் திருத்தினேனா என்று கேட்பீர்கள். அந்த நிமிஷம் நல்ல எண்ணம்தான். வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றும்போது மூர்த்தி அண்ணன் ஞாபகம் வந்தது. ஒரு போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. ஒரு வரி எழுதினேன். நீங்கள் எழுந்து நின்று சத்தமாகப் படித்து சிரித்தீர்கள். அடுத்த கடிதத்தில் அவர் டீ குடிக்க அனுப்புவதைப் பற்றிக் கேட்டேன். அதற்குப் பதில் இன்றுதான் வந்தது. அதற்கு மேல் என் வேலை இல்லை என்று விட்டுவிட்டேன். கல்லாவி ஆர்டர் போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்தே விட்டேன்.

பொற்கொடி நேற்று மாலை ஹாஸ்டலுக்கு வந்தாள். கழுத்தில் நூல் அறுத்த கோடு இன்னும் இருக்கிறது. ஆனந்த் சாரிடம் அவளைப் பற்றிப் பேசியிருக்கிறேன்.

யானையை நம்பவில்லை என்பது என் குற்றம் என்றீர்கள். என்னை நம்பவில்லை என்பதை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவது, யோசித்து எழுதுங்கள்.

ஃபெபா

---

ஓசூர்
3 நவம்பர்

ஃபெபா,

பார்த்தேன். மூர்த்தியைப் பக்கத்தில் உட்கார வைத்து, தாளையும் திரையையும் ஒட்டிப் பார்த்தோம். எழுத்து சின்னதாகத்தான் போட்டிருக்கிறான். பாவி, கொஞ்சம் பெரிதாகப் போட்டிருக்கலாம். மூர்த்தி தலையைக் கையில் பிடித்துக்கொண்டு, "நான் திருப்பாம இருந்திருந்தா ஆச்சே" என்று எட்டு தடவை சொன்னான். ஒன்பதாவது தடவை அவனை வீட்டுக்கு அனுப்பினேன்.

போர்டுகள் எல்லாம் கல்லாவிக்குப் போய்விட்டன. தினமும் ஒரு பம்ப் நிற்கிறது. ராகிக்கும் தக்காளிக்கும் தண்ணீர் விடுகிற நேரம். கமலக்கண்ணன் கடைக்கு வந்தார். உட்காரவில்லை. அவர் உட்காராததற்கு நாற்காலி காரணமில்லை. ஓசூரில் எந்த வாசலிலும் இனி சிங்கராயர் பேர் போட்ட போர்டு ஏறாது என்று சொல்லிவிட்டுப் போனார். சிப்காட்டில் சொன்னால் பாகலூர் வரை கேட்கும்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். பெரிய விஷயமில்லை, இமயமலையை இடது கையால் தள்ளி வை என்று கேட்கவில்லை. கமலக்கண்ணனுக்கு ஒரு வரி எழுது. ஃபைலை மாற்றியது நான்தான், மாமாவுக்குத் தெரியாது என்று. உண்மைதானே? அவர் உன்னை நம்புவார். நாலடுக்குப் போர்டை வரைந்தவள் நீதான் என்று அவருக்கு அப்போதே தெரியும். நான் டீ என்று சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. நான் கவனித்தேன்.

அந்த வரி வந்தால் கடை நிற்கும். வராவிட்டால் இரண்டு கம்ப்யூட்டரையும் விற்றுவிட்டுப் போக வேண்டியதுதான்.

மாமா

---

சூளகிரி
8 டிசம்பர்

மாமா,

பதில் எழுத ஒரு மாதம் ஆனது. வேலை அதிகம் என்று எழுதலாம். அது பொய். எழுதி எழுதிக் கிழித்தேன்.

கமலக்கண்ணன் சாருக்கு நான் எதுவும் எழுதவில்லை. நேரில் சொன்னேன். கல்லாவி போர்டுகளையெல்லாம் புதிதாகப் போட்டுத் தரும் வேலை எங்கள் கம்பெனிக்குத்தான் வந்தது. மீட்டிங்கில் அவர், அங்கே என்னதான் நடந்தது என்று கேட்டார். முழுக்கச் சொன்னேன். நீங்கள் வைத்த பொறி, மூர்த்தி அண்ணன் திருப்புவது, நான் திருத்தியது, தெரிந்தும் சும்மா இருந்தது. எதையும் விடவில்லை. நான் சும்மா இருந்ததைச் சொன்னபோது ஆனந்த் சார் என்னைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை. இருந்தாலும் வேலையை நிரந்தரமாக்கிவிட்டார்.

எல்லாம் கேட்டுவிட்டு கமலக்கண்ணன் சார், "பொறி வச்சவன் காலு பொறியில போனா நான் என்ன பண்றது" என்றார். அவ்வளவுதான். உங்கள் பேரை அதற்குப் பிறகு அவர் சொல்லவில்லை. நீங்கள் கேட்ட உண்மையை நான் சொன்னேன். அது உங்களைக் காப்பாற்றவில்லை. அதற்கு நான் வருத்தப்பட வேண்டும் என்று அம்மா சொல்கிறாள். பட முயற்சி செய்கிறேன்.

புதுப் போர்டில் ஒன்றை இதோடு அனுப்புகிறேன். டிராக் இழுத்தது பொற்கொடி. பார்த்தால் தெரியும், எந்த மூலையிலும் நீங்கள் அவள்மேல் போட்ட தப்பு இல்லை. சில்க் ஸ்கிரீனைப் படியுங்கள். கனெக்டருக்குப் பக்கத்திலும் ஒரு வரி இருக்கிறது, லென்ஸ் வைத்துப் பாருங்கள். அது பொற்கொடி போட்டது. எடுத்துவிடச் சொன்னேன். கமலக்கண்ணன் சார் சிரித்துவிட்டு இருக்கட்டும் என்றார். நானும் பிறகு சிரித்தேன். கல்லாவியில் எல்லாக் கிணற்றடியிலும் அது இப்போது இருக்கிறது.

உங்கள் ஸ்டூல் வேலை இங்கே காலியில்லை. கேட்டுப் பார்த்தேன். வேடிக்கைக்குத்தான் கேட்டேன்.

ஃபெபா

---

ஓசூர், லூர்து வீடு
22 டிசம்பர்

மருமகளே,

பந்தயத்தில் தோற்றுவிட்டேன். முதுகு வலியோடு உன் அம்மா வீட்டில் குடிலுக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருக்கிறேன். மூன்று ராஜாக்களில் ஒருவனுக்குக் கிரீடம் உடைந்திருக்கிறது. அவனை மாட்டுக்குப் பின்னால் நிறுத்தினேன். பதவி போன ராஜாக்களுக்கு அங்கேதான் இடம்.

கடை போய்விட்டது. இரண்டு கம்ப்யூட்டரையும் ஒரு பிரவுசிங் சென்டர்காரன் தூக்கிப் போனான். லைப்ரரியோடு. மூர்த்தி ஒரு கம்பெனியில் பாக்கிங் பிரிவுக்குப் போகிறான். அட்டைப்பெட்டியில் "இந்தப் பக்கம் மேலே" என்று அம்புக்குறி போட்டிருக்கும் அல்லவா, அதை இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் அடுக்குகிறானாம்.

போர்டைப் பார்த்தேன். லென்ஸ் வைத்தேன். மேலே "வடிவமைப்பு: ஃபெபா, பொற்கொடி" என்று இருக்கிறது. எழுத்து அளவு, இடம், கோணம் எல்லாம் என் பேர் இருந்த அதே மாதிரி. கை மறக்கவில்லை உனக்கு. கனெக்டர் பக்கத்தில், கொசு கண்ணாடி போட்டுப் படிக்க வேண்டிய எழுத்தில், "திருப்ப வேண்டாம் மாமா" என்று இருக்கிறது. லூர்து பார்த்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. நானும் பெருமைப்பட்டேன். இத்தனை ஆயிரம் போர்டில் எந்தச் சக்கரவர்த்தியின் உறவுமுறையாவது அச்சாகியிருக்கிறதா?

உன்னை நம்பாததற்கு என்ன பேர் என்று கேட்டாய். யோசித்தேன். பேர் கிடைக்கவில்லை. பொற்கொடியிடம், அன்றைக்கு இன்னொரு தடவை பார்த்திருக்க வேண்டும் என்று நான் சொன்னதாகச் சொல். சொல்லாவிட்டாலும் சரி.

நீ வருகிறாயா என்று கேட்கவில்லை. கிறிஸ்துமஸ் அன்று நான் இங்கே இருக்கமாட்டேன். நீ வந்தால் தயங்காமல் வா என்பதற்காகச் சொல்கிறேன்.

கடைசியாக, முதல் கடிதத்தில் சத்தியம் செய்துவிட்டு ஒரு கதை சொன்னேன். யானை பொய். நானூறு வயது பொய். டோல் ரசீது பொய். மூர்த்தி ஜி.எஸ்.டி. நம்பர் கேட்டது பொய், கேட்கக்கூடியவன்தான் என்றாலும். பொற்கொடி மயங்கவில்லை. அவளும் மூர்த்தியும் அன்று சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். உன் நாற்காலியின் கால் உடைந்தது நிஜம். நீ போன சாயங்காலம் கடையில் வேறு யாரும் இல்லை, நான் மட்டும்தான் இருந்தேன்.

சிங்கராயர்